எக்ஸ்பி கணினியிலிருந்து புது லேப்டாப்புக்கு: பேஜ்மேக்கர், எழுத்துரு, டாலி, ஒரு பீரோ சிடி. எப்படி மாற்றுவது?

அச்சுமை | சனி, காலை 10:12

வணக்கம். காரைக்குடி பக்கம் சின்ன டிடிபி சென்டர் வைத்திருக்கிறோம். அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கடையின் பழைய கணினி பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, 80 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, அதோடு வாங்கிய தமிழ் எழுத்துரு-கீபோர்டு பேக்கேஜ், கணக்கு மென்பொருள் டாலி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கும்பாபிஷேக மலர், நினைவஞ்சலி போஸ்டர் என்று இத்தனை வருட வேலையும் அதில் இருக்கிறது. இடம் போதாதபோதெல்லாம் அப்பா பழைய வேலைகளை சிடியில் எழுதி பீரோவில் அடுக்கிவிட்டார்.

கொஞ்ச நாளாக ஹார்ட் டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம். புதிதாக விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கியாயிற்று. அதில் சிடி டிரைவே கிடையாது. புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் பேஜ்மேக்கர் ஃபோல்டரை பென் டிரைவில் ஏற்றி லேப்டாப்பில் போட்டால் ஓடுமா? எதை முதலில் செய்வது?

பழைய இரும்பு | சனி, காலை 10:40

முதலில் அந்த மெஷினை ஆஃப் பண்ணுங்கம்மா. பேஜ்மேக்கரைப் பிறகு பேசலாம். டிக் டிக் என்றால் ஹெட் எங்கோ திணறுகிறது என்று அர்த்தம். எக்ஸ்பி பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் ஸ்வாப் ஃபைல், லாக், ஆன்டிவைரஸ் என்று டிஸ்கை உழுதுகொண்டே இருக்கும். உங்கள் ஃபைலைத் தொடுவதற்கு முன்பே அதன் ஆயுசில் பாதி போய்விடும்.

டிஸ்கைக் கழற்றுங்கள். ஐடிஇ-யூஎஸ்பி கன்வர்ட்டர் ஒன்று வாங்குங்கள். உங்கள் டிஸ்கின் பழைய ஐடிஇ இணைப்பு, அதற்குப் பின் வந்த சாட்டா இரண்டுக்கும் சேர்ந்ததே கிடைக்கும், சென்னை ரிச்சி தெருவிலும் உண்டு, ஆன்லைனிலும் உண்டு. தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்கணும். மூன்றரை அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பி போர்ட் 5 வோல்ட்தான் தரும். டிஸ்கின் பின்னால் இருக்கும் ஜம்பர் ‘மாஸ்டர்’ நிலையில் இருக்கட்டும், ஸ்லேவில் வைத்தால் பல கன்வர்ட்டர்கள் டிஸ்கைக் கண்டுகொள்வதே இல்லை.

அப்புறம் ஃபைல் ஃபைலாக காப்பி பண்ணாதீர்கள். முழு டிஸ்கையும் ஒரே இமேஜாக, அதாவது அதன் முழு நகலாக ஒரே ஃபைலில் எடுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்கிற தரம் பிரிப்பெல்லாம் அந்த இமேஜை வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்யலாம். சாகப்போகிற டிஸ்கில் உட்கார்ந்து பழைய போட்டோ பார்த்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

மேகநாதன் | சனி, காலை 11:05

இந்தக் காலத்தில் எதற்கு இவ்வளவு வேலை? கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டு லேப்டாப்பில் இறக்கினால் முடிந்தது.

பழைய இரும்பு | சனி, காலை 11:09

எக்ஸ்பியில் எந்த பிரவுசரை வைத்து ஏற்றுவீர்கள் தம்பி? இன்றைய தளங்களில் பாதி அதில் திறக்கவே திறக்காது. அதோடு நெட்டில் மாட்டக்கூடாத மெஷின் அது. 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது.

பெங்குவின் பிரியன் | சனி, மதியம் 12:30

இரும்பு அண்ணன் சொன்னதுதான் சரி. இமேஜ் எடுக்க என் பரிந்துரை ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி. லினக்ஸ் லைவ் பென் டிரைவ் (இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து லினக்ஸ் ஓடும்) ஒன்று போட்டு லேப்டாப்பை அதில் பூட் செய்யுங்கள். லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை (ஒரு டிஸ்கின் முழு நகல்) பென் டிரைவுக்குள் சும்மா காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் வைத்து எழுதுங்கள், அல்லது வென்டாய் போட்டுவிட்டு அதற்குள் ஐஎஸ்ஓவைப் போடுங்கள்.

டிடிரெஸ்க்யூவின் நல்ல குணம், படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்டதைக் கடைசியில் திரும்பிப் பார்க்கும். எங்கே படித்தது, எங்கே விட்டது என்பதை ‘மேப் ஃபைல்’ என்று தனியாக எழுதி வைத்துக்கொள்ளும். அதனால் பாதியில் நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடரலாம். மேப் ஃபைல் கொடுக்காமல் மட்டும் ஓட்டாதீர்கள். மூலம் எது, இலக்கு எது என்பதையும் என்டர் தட்டும் முன் இன்னொரு முறை பாருங்கள். மாறிவிட்டால் காலி டிஸ்க் உங்கள் வேலைகளின் மேல் எழுதப்பட்டுவிடும்.

இலக்கு டிரைவ் ஃபேட்32 ஆக இருக்கக்கூடாது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, உங்கள் இமேஜோ 80 ஜிபி. என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போதும். லேப்டாப்பில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால், பயாஸ் (பூட் செட்டிங்) பக்கம் கை வைப்பதற்கு முன் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுமை | செவ்வாய், இரவு 9:20

டிஸ்க் இமேஜ் எடுத்தாயிற்று! பெரும்பாலும் வந்துவிட்டது, கடைசியில் கொஞ்சம் கிலோபைட் மட்டும் படிக்க முடியவில்லை என்று காட்டியது. கன்வர்ட்டர் கடைக்கார அண்ணன் ஜம்பரை அவரே மாற்றிக் கொடுத்தார்.

இப்போது சாஃப்ட்வேர் பக்கம் வரலாமா? ஃபோல்டரை காப்பி செய்தால் ஏன் ஓடாது என்று யாரும் சொல்லவில்லை.

பெங்குவின் பிரியன் | செவ்வாய், இரவு 10:02

விண்டோஸில் ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது அது ஒரே ஃபோல்டருக்குள் அடங்கி உட்காருவதில்லை. பெரும்பகுதி புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும். சில டிஎல்எல் (துணை நிரல்) கோப்புகள் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போகும். சீரியல் எண், செட்டிங், எந்த ஃபைலை எது திறக்கும் என்பதெல்லாம் ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் பதிவேட்டில் எழுதப்படும். பயனருக்கான விருப்பங்கள் வேறு மூலையில் கிடக்கும். நீங்கள் ஃபோல்டரை மட்டும் தூக்கிப் போனால் மற்றதெல்லாம் அங்கேயே தங்கிவிடும். போர்ட்டபிள் என்று தனியாகத் தயாரித்த மென்பொருள்கள் மட்டும்தான் ஃபோல்டரோடு நகரும்.

ஆகவே ஃபைல்களை காப்பி செய்யுங்கள், மென்பொருளை அதன் ஒரிஜினல் சிடியிலிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். சிடி இருக்கிறதா?

அச்சுமை | செவ்வாய், இரவு 10:15

பேஜ்மேக்கர் ஒரிஜினல் பெட்டியோடு இருக்கிறது, சீரியல் எண்ணும் பெட்டியிலேயே ஒட்டியிருக்கிறது. எழுத்துரு பேக்கேஜுக்கு சிடி உண்டு, கூடவே பிரின்டர் போர்ட்டில் சொருகுகிற ஒரு பூட்டு. அதைச் சொருகினால்தான் கீபோர்டு வேலை செய்யும்.

டிடிபி தாத்தா | புதன், காலை 6:50

அந்தப் பூட்டுதான் இந்தக் கதையில் வில்லன். டாங்கிள் என்போம். அந்தக் காலத்தில் இந்திய மொழிப் பேக்கேஜ்களில் இது சகஜம். உன் லேப்டாப்பில் பேரலல் போர்ட் இருக்காது. யூஎஸ்பி-பேரலல் கேபிள் என்று கடையில் கொடுப்பார்கள், வாங்கிவிடாதே அம்மா. அது பிரின்டருக்கு மட்டுமே ஆகும். டாங்கிள் போர்ட்டின் கால்களோடு நேரடியாகப் பேசப் பார்க்கும், அந்த கேபிள் அதற்கு வழிவிடாது. டெஸ்க்டாப்பாக இருந்தால் பிசிஐ பேரலல் கார்டு ஒன்று போட்டு முயன்று பார்க்கலாம். லேப்டாப்பில் அதற்கும் வழியில்லை.

ஒரு ஆறுதல்: பூட்டு பெரும்பாலும் கீபோர்டு டிரைவருக்குத்தான். எழுத்துருக்கள் சாதாரண ட்ரூடைப் கோப்புகளாகவே இருக்கும். எக்ஸ்பியின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரை முழுசாக எடுத்து வை. நீ வாங்கிய பேக்கேஜ் என்பதால் பழைய வேலைகளைத் திறந்து அச்சடிக்க அது போதும். புது வேலைக்கு எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கத்துக்கு மாறிவிடு, எவ்வளவு நாள் பூட்டைக் கட்டிக்கொண்டு அழுவது.

ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 எழுத்துரு ஏதாவது இருந்தால் தனியே குறித்துக்கொள். 2023 ஜனவரியோடு அடோபி தன் மென்பொருள்களில் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது.

புதுக்கணக்கு77 | புதன், காலை 8:31

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நடுநிலையாளர் | புதன், காலை 8:45

கிராக், கீஜென், சீரியல் எண் இணைப்புகள் இங்கே வேண்டாம். கேள்வி கேட்டவரிடம் ஒரிஜினல் பெட்டியே இருக்கிறது. தொடருங்கள்.

டிடிபி தாத்தா | புதன், காலை 9:10

பேஜ்மேக்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 7.0 வந்தது 2001இல். அதற்குப் பிறகு அடோபி எல்லாரையும் தன் இன்னொரு லேஅவுட் மென்பொருளான இன்டிசைனுக்குத் தள்ளிவிட்டது. 32 பிட் மென்பொருள் என்பதால் புது விண்டோஸிலும் சிலருக்கு ஓடுகிறது, சிலருக்குப் பிரின்ட் கொடுக்கும்போது விழுந்துவிடுகிறது. அதை நம்பி முகூர்த்த மாதத்தில் ஆர்டர் எடுக்காதே.

பழைய பேஜ்மேக்கர் ஃபைலை இன்டிசைனில் திறக்கலாம் என்று யாராவது சொன்னால் எந்த இன்டிசைன் என்று கேள். சிஎஸ்6 வரைதான் திறக்கும். அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். லிப்ரே ஆபீஸ் 4.4இலிருந்து பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், ஸ்கிரைபஸ் என்ற இலவச லேஅவுட் மென்பொருளின் புதிய பதிப்புகளும் திறக்கும். எழுத்து கிடைக்கும், லேஅவுட் அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதே. எட்டுப் பக்க மலரை லிப்ரே ஆபீஸில் திறந்து பார்த்தால் கட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கும்.

பழைய இரும்பு | புதன், காலை 9:40

அதனால்தான் இமேஜ் எடுக்கச் சொன்னேன். முழு எக்ஸ்பியையும் லேப்டாப்பிற்குள்ளேயே ஓட்டிவிடலாம். கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போடுங்கள். அதோடு வரும் கட்டளை வரிக் கருவி இந்த இமேஜை அதற்குப் புரியும் விடிஐ டிஸ்காக மாற்றித் தரும். புது விர்ச்சுவல் மெஷின் உருவாக்கும்போது டிஸ்கை ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டுங்கள். சாட்டாவில் மாட்டினால் எக்ஸ்பி நீலத்திரை காட்டி நின்றுவிடும், அதற்கு சாட்டா டிரைவர் கிடையாது. ஐடிஇயிலேயே நீலத்திரை வந்தால் சிப்செட் வித்தியாசம், எக்ஸ்பி சிடியை வைத்து ரிப்பேர் இன்ஸ்டால் செய்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். வன்பொருள் மாறிவிட்டது என்று ஆக்டிவேஷன் கேட்கலாம், அந்தச் சிக்கலுக்குத் தயாராக இருங்கள்.

உள்ளே போனதும் நெட்வொர்க்கைத் துண்டித்துவிடுங்கள். ஷேர்ட் ஃபோல்டர் மூலம் வெளியே ஃபைல் எடுத்தால் போதும்.

அச்சுமை | வெள்ளி, மாலை 6:05

எக்ஸ்பி உள்ளேயே திறந்துவிட்டது!! அப்பா அவருடைய பழைய டெஸ்க்டாப்பை அப்படியே பார்த்துவிட்டு ‘என்னடா மந்திரம்’ என்கிறார். பேஜ்மேக்கரும் ஓடுகிறது. கீபோர்டு டிரைவர் மட்டும் டாங்கிள் இல்லை என்று சொல்லிவிட்டது, அதை எதிர்பார்த்ததுதான். ஆனால் சில மலர்களைத் திறந்தால் படங்களுக்குப் பதிலாகச் சாம்பல் கட்டம்தான் வருகிறது.

டிடிபி தாத்தா | வெள்ளி, மாலை 7:22

படம் அந்த ஃபைலுக்குள் இல்லை, அதற்கான பாதை மட்டும்தான் இருக்கிறது. பெரிய டிஃப் (அச்சுக்கான பட வடிவம்) படங்களை பேஜ்மேக்கர் லிங்க்காக வைத்துக்கொள்ளும். உங்கள் அப்பா வேலை முடிந்ததும் லேஅவுட்டை மட்டும் விட்டுவிட்டுப் படங்களை சிடிக்கு நகர்த்தியிருப்பார். அந்த சிடிகளில் தேடிப் பார்.

படங்கள் கிடைத்து லிங்க் சரியானதும், யுடிலிட்டீஸ் மெனுவின் பிளக்-இன் பகுதியில் ‘சேவ் ஃபார் சர்வீஸ் புரொவைடர்’ என்று ஒன்று இருக்கும். ஃபைல், படங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துக் கொடுத்துவிடும். முன்பு ஃபிலிம் போட வெளியூருக்கு அனுப்பும்போது அதைத்தான் பயன்படுத்துவோம். அப்புறம் ஒவ்வொரு வேலையையும் பிடிஎஃப் ஆக்கிவிடு. பேஜ்மேக்கர் 7 பெட்டியிலேயே டிஸ்டில்லர் உண்டு, எழுத்துருவை உள்ளே பதிக்கும்படி செட்டிங் வை. பிறகு எந்தக் கணினியிலும் அச்சு அப்படியே வரும்.

மேகநாதன் | வெள்ளி, இரவு 8:00

யாரோ ஒருவருடைய 2004 கல்யாணப் பத்திரிகையை இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டுமா? மலர்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடலாம் என்பது என் கருத்து.

டிடிபி தாத்தா | வெள்ளி, இரவு 8:18

காரைக்குடிக்காரரிடம் போய் இதைச் சொல்லலாமா? பக்கத்து ஊர் கோட்டையூர். ரோஜா முத்தையா செட்டியார் அங்கே உட்கார்ந்துகொண்டு புத்தகத்தோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பிறர் தூக்கிப் போடுவதையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பிலிருந்து பிறந்த நூலகம்தான் 1994இலிருந்து சென்னையில் ஆய்வாளர்களுக்குக் கை கொடுக்கிறது. 80 ஜிபி இன்றைக்கு ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். அழிக்க என்ன அவசரம்?

அச்சுமை | வெள்ளி, இரவு 8:31

அழிக்கவில்லை தாத்தா :) இப்போது பீரோ. யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கியிருக்கிறேன். சில சிடி உடனே திறக்கிறது, சில சிடி சுற்றிக்கொண்டே இருக்கிறது, சிலது ‘காலி டிஸ்க்’ என்கிறது. காலி என்பதில் அப்பா கைப்பட ‘2003 ஆவணி’ என்று எழுதியிருக்கிறார்.

பழைய இரும்பு | வெள்ளி, இரவு 9:15

வீட்டில் எழுதுகிற சிடியில் கடையில் வாங்கிய பாட்டு சிடி போலக் குழி கிடையாது. சாயப் பூச்சு ஒன்று, அதை லேசர் சூடாக்கிப் புள்ளி வைக்கிறது. அந்தச் சாயம் வெளிச்சத்திலும் வெக்கையிலும் மங்கும். அதோடு டேட்டா இருக்கும் அடுக்கு, லேபிள் எழுதுகிற மேல் பக்கத்துக்குத்தான் மிக அருகில். எல்லாரும் கீழ்ப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள், மேலே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுவார்கள். கீழ்ப்பக்கக் கீறலை ஓரளவு பாலிஷ் செய்துவிடலாம், மேல்பக்கம் உரிந்தால் போச்சு.

‘காலி’ என்று சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கலாம். சிடி எழுதும் நீரோ மென்பொருளில் மல்ட்டி செஷன் (பல தடவையாகச் சேர்த்து எழுதுவது) போட்டு, ஃபைனலைஸ் செய்யாமல் (முடித்து மூடாமல்) விட்டிருப்பார். அல்லது சிடியைப் பென் டிரைவ் போல இழுத்துப் போட்டு எழுதும் பாக்கெட் ரைட்டிங் மென்பொருளில் எழுதியிருப்பார். அப்படி எழுதியது சில டிரைவில் தெரியும், சிலதில் தெரியாது. எழுதிய அதே பழைய டிரைவ் இன்னும் மெஷினில் இருக்கிறதல்லவா? அதில் போட்டுப் பாருங்கள். ஐசோபஸ்டர் என்றொரு மென்பொருள் செஷன்களைத் தனித்தனியாகக் காட்டும்.

துடைப்பதென்றால் மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைக்கக் கூடாது, டேட்டா ஓடும் திசையும் வட்டம்தான், அந்தத் திசையில் ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாகப் பெரிய பகுதி போய்விடும்.

பெங்குவின் பிரியன் | வெள்ளி, இரவு 9:50

சுற்றிக்கொண்டே இருக்கும் சிடிகளுக்கு மறுபடியும் டிடிரெஸ்க்யூதான். டேட்டா சிடிக்கு செக்டர் (டேட்டாவின் ஒரு துண்டு) அளவு 2048 பைட் என்று கொடுங்கள். இங்கே மேப் ஃபைலுக்கு ஒரு அழகான பயன் உண்டு. யூஎஸ்பி டிரைவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, அதே மேப் ஃபைலோடு சிடியைப் பழைய டிரைவில் போட்டு ஓட்டினால், முதல் டிரைவ் படிக்காமல் விட்டதை மட்டும் இரண்டாவது டிரைவ் தேடிப் படிக்கும். ஒரு டிரைவின் கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரிவது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு சிடியையும் ஐஎஸ்ஓவாக எடுத்து, அப்பா எழுதிய லேபிளையே பெயராக வையுங்கள். சிடியை மேஜையில் வைத்து ஒரு போட்டோவும் எடுத்து அதோடு போடுங்கள்.

மாயவரம் மைந்தன் | சனி, காலை 7:12

இடையில் என் கேள்வி. கல்யாண விசிடியும், அக்காவின் அரங்கேற்ற ஆடியோ சிடியும் வைத்திருக்கிறேன். ஆடியோ சிடியிலிருந்து எல்லா டிராக்கையும் பென் டிரைவில் காப்பி செய்துவிட்டேன், ஒரு நொடியில் முடிந்தது. லேப்டாப்பில் மட்டும்தான் பாடுகிறது, அதுவும் சிடி உள்ளே இருந்தால் மட்டும். காரில் பாடவே இல்லை.

பெங்குவின் பிரியன் | சனி, காலை 7:40

நீங்கள் காப்பி செய்தவை சிடிஏ கோப்புகள், ஒவ்வொன்றும் 44 பைட். பாட்டு அதில் இல்லை. சிடியில் இந்த டிராக் இங்கே தொடங்குகிறது என்ற குறிப்பை மட்டும் விண்டோஸ் ஒரு ஃபைல் போலக் காட்டுகிறது. ஆடியோ சிடியில் ஃபைல் சிஸ்டமே கிடையாது. அதை ‘ரிப்’ செய்ய வேண்டும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி நல்லது. அவசரமென்றால் விண்டோஸ் மீடியா பிளேயரே செய்யும். தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்தில் ஒன்று பத்திரமாக வைத்துவிட்டு, காருக்கு எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள்.

விசிடிக்குள் எம்பெக்ஏவி ஃபோல்டரில் டாட் கோப்பு இருக்கும். அதை விண்டோஸில் காப்பி செய்யலாம், விஎல்சி பாடும். கீறல் இருந்தால் ‘சைக்ளிக் ரிடன்டன்சி’ என்று பாதியில் நிற்கும். மேலே நான் சொன்ன 2048 கணக்கு விசிடிக்கும் ஆடியோ சிடிக்கும் பொருந்தாது. வீடியோ செக்டர்களில் பிழை திருத்தும் பகுதியை விட்டுவிட்டு அந்த இடத்திலும் படத்தை நிரப்பியிருப்பார்கள். இம்க்பர்ன் மென்பொருளில் பின்-கியூ (செக்டரை முழுசாக எடுக்கும் வடிவம்) இமேஜாக எடுங்கள்.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 11:30

டாலியை எல்லாரும் மறந்துவிட்டீர்களே. எந்தப் பதிப்பு?

அச்சுமை | சனி, காலை 11:34

ஈஆர்பி 9, லைசென்ஸ் உண்டு.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 11:52

நல்லது. டேட்டா ஃபோல்டருக்குள் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எண் போட்ட ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக எடுத்தால் கணக்கு வந்துவிடும். அதற்குள் இருந்து ஒன்றிரண்டு ஃபைலை மட்டும் பொறுக்காதீர்கள். டாலி திறந்திருக்கும்போதும் காப்பி செய்யாதீர்கள். பாதி எழுதிய வவுச்சரோடு வந்துவிடும். டாலிக்குள்ளேயே பேக்கப் எடுத்து ஒரு பிரதி தனியாகவும் வையுங்கள். புதிய பதிப்பான டாலி பிரைம் இந்த டேட்டாவை மைக்ரேட் செய்துகொள்ளும், ஆனால் மாறிய பிறகு பழைய பதிப்பில் திரும்பத் திறக்க முடியாது. எனவே மூலத்தைத் தொடாமல் பிரதியை வைத்து மைக்ரேட் செய்யுங்கள்.

லைசென்ஸைப் பழைய கணினியில் ‘சரண்டர்’ செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய முடியும். பழையது பூட் ஆகாவிட்டால் டாலி பார்ட்னரிடம் சொல்லி வாங்கலாம், கொஞ்சம் அலைச்சல். லேப்டாப்பில் டிரையல் பேலன்ஸும் குளோசிங் ஸ்டாக்கும் பழைய பிரின்ட் அவுட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அது ஒத்தால்தான் மாற்றம் முடிந்தது.

வடமராட்சியான் | சனி, மாலை 4:15

வணக்கம், நான் பருத்தித்துறையிலிருந்து. எங்கட ஊர்ச் சங்க மலர்களும் இதே மாதிரி இறுவட்டுகளில்தான் கிடந்தது, எல்லாம் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சது. ரெண்டு விசயம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

எழுத்துருவைக் கொண்டுபோனால் மட்டும் காணாது. பாமினி போல பழைய எழுத்துருவில் அடிச்சதை கூகுளிலயோ கணினிக்குள்ளயோ தேட ஏலாது, ஏனெண்டால் கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. மலரில இருக்கிற கட்டுரையளை யூனிகோடாக மாத்தி ஒரு பிரதி வையுங்கோ. என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் ரெண்டும் நல்லா வேலை செய்யும். எந்தக் குறியாக்கம் எண்டதைச் சரியாகத் தெரிவு செய்யவேணும். உங்கட பக்கம் 1999 தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு டாப், டாம் எண்ட குறியாக்கங்கள் வந்தது, வேற ஆக்கள் டிஸ்கி, பேக்கேஜ்காரர் ஒவ்வொருத்தருக்கும் ஒண்டு. முதல் ஒரு பந்தியைப் போட்டுப் பாருங்கோ.

மற்றது, கோப்புப் பெயர். நான் எல்லாத்துக்கும் நீளமான தமிழ்ப் பெயர் வைச்சுப்போட்டு லினக்ஸில ஓடுற நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிக்கு மாத்தேக்கை கொஞ்சம் ஏறவே இல்லை. விண்டோஸில 255 எழுத்துக்குறி, லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில 255 பைட். தமிழில ஒவ்வொரு குறியும் 3 பைட், அப்ப 85 தான் கொள்ளும். ‘கும்பாபிஷேகம்’ எண்ட சொல்லே கால், கொம்பு, புள்ளியையும் தனித்தனியா எண்ணினால் 13 குறி, 39 பைட் தின்னும்.

பெங்குவின் பிரியன் | சனி, மாலை 5:02

அருமை அண்ணா. இதோடு ஆப்பிள் பக்கத்துச் சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை, கோப்புப் பெயரில் உள்ள ‘கொ’வின் கொம்பையும் காலையும் பிரித்து எழுதி வைக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு வேறு பெயர். மேக்கிலிருந்து லினக்ஸுக்கு ஆர்சிங்க் கருவியால் நகலெடுக்கும்போது ‘கோவில் மலர்’ இரண்டு முறை வந்து நிற்பது இதனால்தான். புதிய ஏபிஎஃப்எஸ் எழுதியதை எழுதியபடி வைத்துக்கொள்கிறது.

பழைய விண்டோஸின் சொந்த ஜிப் வசதி தமிழ்ப் பெயர் கண்டால் சுருக்க முடியாது என்று மறுத்துவிடும். 7-ஜிப் வைத்துச் சுருக்குங்கள்.

அச்சுமை | ஞாயிறு, காலை 10:20

எங்கள் அப்பா பெயரெல்லாம் ‘மலர்1 புதுசு கடைசி’ ரகம்தான், 85ஐத் தாண்டாது :)

பென் டிரைவ் பற்றி ஒரு கேள்வி. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும் எனக்கும் தினமும் ஃபைல் போக்குவரத்து. அவர்கள் கணினியில் சொருகிவிட்டு வந்தால் என் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிடுகின்றன. புது லேப்டாப்பில் அதைச் சொருகவே பயமாக இருக்கிறது.

பழைய இரும்பு | ஞாயிறு, காலை 10:55

ஃபைல்கள் போகவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டை டபுள் கிளிக் மட்டும் செய்யாதீர்கள், அதுதான் வைரஸை ஓட்டுகிறது. ஃபோல்டர் படம் போட்ட இஎக்ஸ்இயும் இதே ஜாதி. வியூ மெனுவில் மறைந்த ஃபைல்களையும் ஃபைல் எக்ஸ்டென்ஷனையும் காட்டும்படி வைத்துக்கொண்டால் பொய் ஃபோல்டர் அங்கேயே பல்லிளிக்கும். லைவ் லினக்ஸில் சொருகி உங்கள் ஃபைலை எடுத்துக்கொண்டு டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். முன்பு சொருகினாலே ஆட்டோரன் (தானாக ஓட்டும் வசதி) பாயும். 2011இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களுக்கும் அதை அடைத்தது.

கடைக்கு பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். படமாக அனுப்பினால் தரத்தைக் குறைத்துவிடும், அச்சுக்கு ஆகாது. பென் டிரைவ்தான் வேண்டுமென்றால் கடைக்கென்றே ஒரு சின்ன டிரைவ், அதில் வேறு எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. ஐநூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்பார்கள். உள்ளே சில ஜிபி சிப்தான் இருக்கும், கன்ட்ரோலர் பொய் சொல்லும். நிரம்பும் வரை எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும், அதற்கு மேல் எழுதியது எங்கும் இருக்காது. புது டிரைவ் எதுவானாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ போட்டு முழுசாக எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். லினக்ஸில் எஃப்3.

மேகநாதன் | ஞாயிறு, காலை 11:30

சரி, கிளவுட் பேச்சை நான் எடுக்கவில்லை. ஆனால் இவ்வளவு செய்துவிட்டு எல்லாம் ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்கில்தானே இருக்கிறது? அது கீழே விழுந்தால்?

பழைய இரும்பு | ஞாயிறு, காலை 11:41

இதைக் கேட்டீர்களே, இது நியாயம். இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதி, அது கடையில் இல்லாமல் வீட்டில். பிடிஎஃப்களும் டாலி பேக்கப்பும் சின்னவை, அவற்றை உங்கள் கிளவுடிலும் போடட்டும். பென் டிரைவைப் பீரோவில் வைத்து மறந்துவிடுவது மட்டும் வேண்டாம். மின்சாரமே காணாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதில் உள்ள மின்னேற்றம் கசிந்துவிடும்.

அச்சுமை | ஞாயிறு, மதியம் 1:15

இரண்டாவது பிரதிக்கு எக்ஸ்புளோரரில் இழுத்துப் போட்டால் போதுமா? பாதியில் நின்றால் எது போனது, எது போகவில்லை என்று தெரியவில்லை.

பெங்குவின் பிரியன் | ஞாயிறு, மதியம் 2:05

விண்டோஸிலேயே ரோபோகாப்பி இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து தொடரும், போகாததைப் பட்டியலிடும். அதில் ‘மிர்’ என்ற சுவிட்சை மட்டும் புரியாமல் போடாதீர்கள். மூலத்தில் இல்லாததை இலக்கிலிருந்து அழித்துவிடும், பாதையைத் தவறாகக் கொடுத்தால் அவ்வளவுதான். கட்டளை பழக்கமில்லை என்றால் டெராகாப்பி, ‘வெரிஃபை’ டிக் செய்து ஓட்டுங்கள். பெரிய இமேஜுக்கு செர்ட்யூட்டில் கட்டளையில் இரண்டு பிரதிக்கும் ஷா256 (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்து ஒப்பிடுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் பிரதி சரியில்லை. முடிந்ததும் ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள், பார் 100 சதவீதம் காட்டிய பிறகும் மெமரியில் கொஞ்சம் எழுதாமல் நிற்கலாம்.

அச்சுமை | அடுத்த வியாழன், இரவு 9:48

இரண்டு பிரதியின் ஷா256உம் ஒத்துவிட்டது. டாலி டிரையல் பேலன்ஸும் ஒத்துவிட்டது. ‘2003 ஆவணி’ பழைய டிரைவில் திறந்தது, மல்ட்டி செஷன்தான். சாம்பல் கட்டமாக இருந்த மலரின் படங்கள் பெரும்பாலும் அதில் கிடைத்தன. மூன்று சிடி மட்டும் எந்த டிரைவிலும் படிக்கவில்லை, மேல் பூச்சு உரிந்திருக்கிறது. அவற்றை என்ன செய்யட்டும்?

பழைய இரும்பு | அடுத்த வியாழன், இரவு 10:03

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உரிந்த இடத்தில் கண்ணாடி போல மறுபக்கம் தெரிந்தால் அந்த இடத்து டேட்டா இல்லை. சிடி நடுவிலிருந்து வெளியே எழுதப்படும். அதனால் ஓரத்தில் மட்டும் உரிந்திருந்தால் உள்பக்கம் நிறைய மிச்சம் இருக்கும், மேப் ஃபைலோடு மூன்றாவது டிரைவ் ஒன்றில் முயலலாம். நடு வளையத்தில் உரிந்திருந்தால் சிடியில் என்ன இருக்கிறது என்ற பட்டியலே போயிருக்கும், அதில் நேரம் செலவழிக்காதீர்கள். பழைய மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் அந்த டிவிடி ரைட்டரைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கன்வர்ட்டரிலேயே அதுவும் ஓடும்.